நான் கிழித்துப் போட்ட ஈசிஜி

ஈசிஜி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். லீடுகளை எங்கே ஒட்டுவது, பசையை எவ்வளவு தடவுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது பொறாமையைப் பற்றி. நம் வேலைக்கும் பொறாமைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். என் பொறாமையால் ஒரு பையனின் உயிர் போகப் பார்த்தது. அவன் என் சொந்த அக்கா மகன்.

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். படித்தது பன்னிரண்டாவதும் ஒரு டிப்ளமோவும்தான். ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் நான்தான் டாக்டர். யாருக்குத் தலை சுற்றினாலும் முதல் போன் எனக்கு வரும். "உன் தம்பிதான் ஆஸ்பத்திரில இருக்கானே, உனக்கென்ன கவலை" என்று என் அக்காவிடம் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு அரை அடி உயரம் கூடும்.

அக்கா வீடு பொழிச்சலூரில். அத்தான் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒருநாள் விடிகாலையில் அலாரம் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தவர், அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. நான் போய்ப் பார்த்துவிட்டு ஹார்ட் அட்டாக் என்றேன். நான் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அத்தானின் தம்பி குமரேசன் மட்டும், "நெஞ்சு வலிக்குதுனு ஒரு வார்த்த சொல்லலியே மச்சான். அலாரம் அட்ச்சிச்சி, வுயுந்துட்டாரு" என்றான். துக்கத்தில் ஏதோ பேசுகிறான் என்று விட்டுவிட்டேன்.

குமரேசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை அவனுக்கு. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறையில் இருந்தான். அண்ணன் போன பிறகு, அண்ணன் மகன் பிரபுவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, வெள்ளிக்கிழமை சந்தையில் பேரம் பேசி அவனுக்குப் பழைய சைக்கிள் வாங்கித் தருவது எல்லாம் அவன்தான். நானோ தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொண்டவன். பையன் சித்தப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பைக்கில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதை வெளியே சொல்ல முடியுமா? ஹெல்மெட் போடவில்லை, வேகமாகப் போகிறான் என்று ஏதாவது குற்றம் கண்டுபிடித்துக் கத்துவேன்.

பிரபுவுக்கு இருபது வயதில் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் தாம்பரம், படப்பை என்று சுற்றிக்கொண்டு போகும். அதைப் பிடிக்க விடிவதற்கு முன்பே எழுந்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், காலையில் செல்போன் அலாரம் அடித்ததும் கட்டிலிலிருந்து கீழே விழுந்தான். ஒரு நிமிடத்தில் தானாகவே கண் திறந்தான். அடுத்த மாதம் மறுபடியும் அதேபோல் விழுந்தான்.

தெருமுனை கிளினிக்கில் வாயு என்றார்கள். பம்மலில் ஒரு டாக்டர் வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையால் பையன் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தான், அவ்வளவுதான். குமரேசன் அடங்கவில்லை. "அண்ணன் வுயுந்த மாதிரியே வுயறான் அண்ணி, இது வேற இன்னாவோ" என்று அக்காவை அரித்துக்கொண்டே இருந்தான். அக்கா எனக்குப் போன் செய்தாள். எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பையனுக்கு உடம்பு சரியில்லை என்பது ஒரு பக்கம். என் இடத்துக்கு வருகிறார்கள், குமரேசன் பார்க்கட்டும் என்பது மறுபக்கம். அன்று சலவை செய்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். டோக்கன் வாங்க விடாமல் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். குமரேசன் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி பின்னால் வந்தான். அவனுக்கு வழி தெரியாத இடத்தில் நான் ராஜா மாதிரி நடந்தேன்.

இங்கே நம் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அம்மா ஒரு விஷயத்தில் மகா கறார். "கோணல் பேப்பர் டாக்டர் டேபிளுக்குப் போகக் கூடாது. போனா உன் கை கோணல்னு அர்த்தம்" என்பார். நோயாளி இருமுவார், கையை அசைப்பார், கோடு தாறுமாறாகப் போகும். அந்தத் துண்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி எடுப்போம். நம்மில் யார் அப்படிச் செய்யவில்லை? என் பேப்பர்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் அதற்காகவே எனக்குப் பெயர்.

பிரபுவைப் படுக்கவைத்து லீடுகளை மாட்டினேன். தலைமாட்டில் அக்கா நின்றாள். கதவோரம் குமரேசன். பேப்பர் ஓடிக்கொண்டிருந்தபோது சுவரில் மாட்டியிருந்த இன்டர்காம் தடாலென்று அலறியது. பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோடு தறிகெட்டுக் குதித்தது, முறுக்கிய கயிறு மாதிரி ஆனது. சில விநாடிகள்தான்.

"அசையாம படுடா" என்று அதட்டினேன்.

"ஒரு மாதிரி இருட்டிட்டு வந்துச்சு மாமா" என்றான் முனகலாக.

"ஒண்ணுமில்ல. மூச்ச நல்லா இழுத்து விடு."

அந்தத் துண்டைக் கிழித்துக் கூடையில் போட்டேன். மறுபடி எடுத்தேன். அழகான, சுத்தமான பேப்பர். மேலே மெஷினே நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்தது.

"மச்சான், கண்ணு சொருகிக்கிச்சே அவனுக்கு, பாத்தீங்களா?" என்றான் குமரேசன். "அந்த பேப்பர இன்னாத்துக்குத் தூக்கிப் போட்டீங்க? டாக்டர் பாக்க வேணாவா?"

"அது அசைவுப்பா. உனக்குப் புரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். வேறு எவர் கேட்டிருந்தாலும் குனிந்து அந்தத் துண்டை எடுத்து ஒருமுறை பார்த்திருப்பேன். அசைவினால் வந்த கிறுக்கல் என்றால், கிறுக்கலுக்கு நடுவே வழக்கமான துடிப்பின் முனைகள் அதே இடைவெளியில் எட்டிப்பார்க்கும். அது எனக்குத் தெரியாதா? அரை நிமிடப் பார்வை போதும். ஆனால் கேட்டவன் குமரேசன். தோல் வெட்டுகிறவன் என் அறையில் நின்றுகொண்டு, என் அக்கா முன்னால், என் வேலையில் கேள்வி கேட்கிறான். குனிந்து எடுத்தால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். நான் குனியவில்லை.

பெரிய டாக்டர் பேப்பரைப் பார்த்தார். "பர்ஃபெக்ட் ஈசிஜி. ஹார்ட்ல ஒண்ணுமே இல்ல. ராத்திரி பூரா போன் பாக்கறது, காலைல வேலைக்குப் போகணும்னு டென்ஷன். இந்த வயசுப் பசங்களுக்கு இதெல்லாம் இப்போ சகஜம்" என்றார். பதட்டத்துக்கு மாத்திரை எழுதினார்.

குமரேசன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சார், அவன் வேலைக்குப் போறதுக்குப் பயப்பட மாட்டான் சார். எங்க அண்ணனும் இப்டிதான் அலாரம் அட்ச்சதும் போயிட்டாரு. நீங்க ஒரு தபா இவன் வுயறத பாத்தீங்கன்னா..."

"நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"நீங்கதான் சார். அதான் உங்களாண்ட கேக்கறேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். "மன்னிச்சுக்கோங்க சார், படிக்காதவன், தெரியாம பேசறான்" என்றேன். சொல்லிவிட்டுக் குமரேசனின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். நோயாளிக்காகப் பேச அங்கே ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனை வெளியேற்றியவன் நான். நடைபாதையில் நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"சித்தப்பாவத் திட்டாதீங்க மாமா" என்றான் பிரபு. அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

பத்து நாள் கழித்து, காலை அலாரத்தில் பிரபு மூன்றாம் முறை விழுந்தான். இந்தத் தடவை முகம் நீலம் பாய்ந்துவிட்டது. அக்கா அலறிய சத்தத்தில் குமரேசன் மேலே ஓடிப்போய், தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்த முதலுதவியை வைத்து நெஞ்சை அழுத்தியிருக்கிறான். பையன் மூச்சு விட்டான். எனக்கு விஷயம் தெரிந்தது மத்தியானம்.

அக்காவுக்குப் போன் செய்து நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எனக்கு ஏன் உடனே சொல்லல?" பையன் எப்படி இருக்கிறான் என்பதை அதற்கு அப்புறம்தான் கேட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

"உனக்குச் சொல்லி என்னடா ஆகப்போகுது? நீதான் நார்மல்னு சொல்லிட்டியே" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நகரத்தில் இருக்கும் ஓர் இதய நிபுணரைக் குமரேசனே விசாரித்து வைத்திருந்தான். அவன் கம்பெனி சூப்பர்வைசரின் மனைவிக்கு வைத்தியம் பார்த்தவராம். டாக்டர் பேசுவது புரிய வேண்டுமே என்று என்னையும் வரச் சொன்னான். நான் போனேன். பையனுக்காகப் போனேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு மூலையில் காத்திருந்தேன். பல்லாவரத்தில் ரயில் ஏறியதிலிருந்து அவன் என்னிடம் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. உட்கார இடம் கிடைத்தபோது எனக்குத்தான் விட்டான்.

பிரபுவை எக்கோ எடுக்க அழைத்துப்போனார்கள். அக்கா கூடப் போனாள். டாக்டர் அறைக்குள் நானும் குமரேசனும். அவர் வயதானவர், அவசரப்படாதவர். எங்கள் ஆஸ்பத்திரிப் பேப்பரைப் பார்த்தார். "நார்மல் மாதிரிதான் இருக்கு. விழறதுக்கு முன்னாடி என்ன நடக்குது?" என்று கேட்டார்.

குமரேசன் மஞ்சள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தான். பையன் எந்தத் தேதி விழுந்தான், எத்தனை மணி, அதற்கு முந்தின நொடியில் என்ன சத்தம் கேட்டது, எவ்வளவு நேரத்தில் கண் திறந்தான் என்று எல்லாம் கோணல்மாணலான எழுத்தில் இருந்தது. அலாரம். அலாரம். அலாரம். நடுவில் ஒருமுறை, தெருவில் வெடித்த சரவெடியில் தலைசுற்றல். எழுத்துப் பிழை இல்லாத வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் அப்படி ஒரு கேஸ் ஷீட்டை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒரு ஈசிஜி துண்டு ஒட்டியிருந்தது. நான் கிழித்தெறிந்தது. நான் நல்ல பேப்பரோடு டாக்டர் அறைக்கு முன்னால் நடந்த நேரத்தில் கூடையிலிருந்து எடுத்திருக்கிறான்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஒரு அளவுகோலை எடுத்து நல்ல பேப்பரில் சில இடங்களை அளந்தார். மறுபடி அந்தத் துண்டுக்கு வந்தார். "இது அசைவு இல்ல" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராக ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் அபூர்வமான பிறவிக் கோளாறில் அந்த நேரம் நீளம். லாங் க்யூடி என்பார்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, மெஷினும் சில சமயம் தவறவிடும். அந்த நேரத்தில் திடீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டால் துடிப்பு தறிகெட்டுப் போகும். தானாகச் சரியானால் மயக்கம். சரியாகாவிட்டால் பையனின் அப்பாவுக்கு நடந்ததுதான். "இன்னும் ஒரு தடவை விட்டிருந்தா..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் நோட்டைத் தட்டிக் கேட்டார். "இந்தத் துண்ட யார் எடுத்து வச்சது? துடிப்பு தறிகெடறப்பவே அது பேப்பர்ல கிடைக்கிறது பெரிய விஷயம்."

நான் தரையைப் பார்த்தேன். குமரேசன் சொல்லப்போகிறான், இந்த ஆள்தான் சார் தூக்கிப் போட்டாரு என்று. சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"மச்சான்தான் சார்" என்றான் குமரேசன். "ஈசிஜி ரூம்ல கீறாரு. இத பத்திரமா வச்சிக்கோ, பெரிய டாக்டராண்ட காட்டுனு என்னாண்ட குட்த்தாரு."

டாக்டர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வேற யாரா இருந்தாலும் குப்பைல போட்டிருப்பாங்க" என்றார். நான் தலையாட்டினேன். எக்கோ முடிந்து அக்கா உள்ளே வந்ததும் அவளிடமும் அதையே சொன்னார். அப்போதும் தலையாட்டினேன்.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது மச்சான்? உங்க வேலைக்கு எதுனா ஆச்சினா? அண்ணியும் உங்களத்தான் நம்பிக்கினு கீறாங்க. நாளைக்கி ஒண்ணுனா யாராண்ட ஓடுவாங்க?"

"குப்பைலேர்ந்து எதுக்கு எடுத்த?"

"எங்க கம்பெனில ரிஜெக்ட் பீஸ தூக்கிப் போட மாட்டாங்க. கெட்டுப்போன தோல எடுத்து வச்சாதான், தப்பு எங்கனு காட்டி, தோல் அனுப்சிவுட்ட வேலூர்காரனாண்ட சண்ட போட முடியும். நல்ல பீஸ வச்சிக்கினு இன்னாத்த காட்டறது?"

அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அரை நிமிடம் தோன்றியது. அதற்குள் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. பையனைக் காப்பாற்றியவன் அவன். சரி. அந்தப் பெயரையும் எனக்கே பிச்சை போடுகிற மனசு எங்கிருந்து வந்தது இவனுக்கு? அது எனக்கு ஏன் இல்லை? தோற்றதைவிட அவன் விட்டுக்கொடுத்து நான் ஜெயித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரபுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். துடிப்பு தறிகெட்டால் அதுவே சரிசெய்துவிடும். அலாரத்தை எடுத்துவிட்டுக் கையில் அதிர்கிற கடிகாரம் கட்டிக்கொண்டான். குமரேசனுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை. பையன் இன்றும் வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கோணல் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் நேரத்தையும், அப்போது என்ன நடந்தது என்பதையும் எழுதி நல்ல பேப்பரோடு சேர்த்து அனுப்புங்கள். டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். இன்னொன்று, இது எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நோயாளியோடு வந்து நின்று கேள்வி கேட்கிற ஆளை உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அப்படியானால் அந்தப் பேப்பரை இன்னும் ஒருமுறை கூடுதலாகப் பாருங்கள். பிடிக்காத முகம் கேட்கும்போதுதான் நம் கண் சீக்கிரம் மூடிக்கொள்கிறது.

நான் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரியில் சின்ன விழா வைத்தார்கள். அந்த இதய நிபுணர் வழியாக அங்கேயும் எட்டியிருந்த துண்டுப் பேப்பர் கதையை மேடையில் சொல்லி எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். குமரேசன் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் நிறுத்திய பிறகும் கை தட்டினாள். மைக் என் கையில் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான், முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு என்று உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூருக்குப் போனேன். அக்கா மீன் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பேப்பர நான் எடுத்துக் கொடுக்கல. நான் கிழிச்சு குப்பைல போட்டேன். எடுத்தது குமரேசன்" என்றேன்.

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "தெரியும்டா. கட்டில் பக்கத்துலதான நான் நின்னுட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் விழால அப்படிக் கை தட்டுன?"

"உனக்கு அது வேண்டியிருந்துச்சு. அவனுக்கு வேண்டியிருக்கல."

அடுப்பை அணைத்துவிட்டு எனக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்தாள். மாடிப்படியிலிருந்து குமரேசனைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். அவன் கை கழுவிக்கொண்டு மேலே வந்து உட்காரும்வரை எனக்குச் சோறு போடவில்லை.